அட்டையில் செய்த விஆர் பெட்டி: மகளுக்குத் தெளிவு, எனக்கு மங்கல். ஏன்?

தெம்பனிஸ்_தகப்பன்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் ஜூன் விடுமுறையில் மகளை (தொடக்கநிலை 5) கைபேசியிலிருந்து பிரிக்க வழி தேடினேன். கடைசியில் கைபேசியையே ஒரு பெட்டிக்குள் போட்டு அதை அவள் முகத்தில் வைக்கிற வேலையில் வந்து நிற்கிறேன். கூகல் கார்ட்போர்டு என்று, கைபேசியை உள்ளே வைத்து மெய்நிகர் (விஆர்) காட்சி பார்க்கிற அட்டைப்பெட்டி முன்பு ஒன்று வந்ததே, அதன் முதல் வடிவத்தின் வரைபடத்தை இறக்கி அச்சடித்து, ஏர் ஃபிரையர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டி, பேனாக்கத்தியால் வெட்டினோம். லென்ஸ் ஒரு ஜோடி இணையத்தில் நான்கு வெள்ளிக்கு வாங்கியது. 25 மி.மீ. விட்டம், 45 மி.மீ. குவியத்தூரம் என்று போட்டிருந்தார்கள். என் கைபேசி 6.7 அங்குலம், அந்த வரைபடத்துக்குள் அடங்காது, அதனால் பக்கவாட்டை மட்டும் நீட்டிக்கொண்டோம். லென்ஸுக்கும் திரைக்கும் இடைவெளி வரைபடத்தில் உள்ளபடி 42 மி.மீ.தான். ரூலர் வைத்து மூன்று தடவை அளந்தாயிற்று.

இப்போது விஷயம் என்னவென்றால், மகள் வைத்துப் பார்த்தால் "சூப்பர்ப்பா, கடலுக்குள் இருக்கிற மாதிரி இருக்கு" என்கிறாள். நான் பார்த்தால் எல்லாம் மங்கல், ஐந்து நிமிடத்தில் நெற்றி வலிக்கிறது. இத்தனைக்கும் அவள்தான் 300 டிகிரி கண்ணாடி போடுகிறவள், அதைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்கிறாள். எனக்கு 47 வயது, தூரப் பார்வைக்கு இதுவரை கண்ணாடியே போட்டதில்லை. கண் கெட்டவளுக்குத் தெரிகிறது, கண் நல்லா இருக்கிறவனுக்குத் தெரியவில்லை, இது என்ன நியாயம்?

இன்னும் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, இடம் வலம் என இரண்டு படமாகப் பிரித்த ஒரு காணொளியை இறக்கி முழுத்திரையில் போட்டால் இரண்டு பேருக்குமே எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிகிறது, ஒட்டவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று, மகளிடம் இருக்கிற பழைய கைபேசியை உள்ளே வைத்தால் தலையைத் திருப்பினாலும் படம் அசையாமல் அப்படியே நிற்கிறது. என் கைபேசியில் ஒழுங்காகத் திரும்புகிறது. எங்கே தப்பு செய்திருக்கிறோம்? அட்டை வெட்டியதில் கோணல் இருக்குமோ?

மூக்குக்கண்ணாடி

அட்டையில் கோணல் இல்லை, உங்கள் வயதில்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், நான் கண்ணாடிக்கடையில் வேலை பார்ப்பவன், தினமும் இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

உங்கள் லென்ஸ் 45 இல்லை என்று நினைக்கிறேன். நிஜமாகவே 45 ஆக இருந்து, திரை 42-இல் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் பிம்பம் சுமார் 63 செ.மீ. தள்ளி விழும். அந்தத் தூரம் உங்களுக்கும் பெரிய கஷ்டமாக இருக்காது. ஆனால் லென்ஸின் குவியத்தூரம் 45-ஐ விட அதிகம் என்று வையுங்கள், அப்போது திரை தேவைக்கு மேல் லென்ஸுக்கு நெருங்கிவிடுகிறது, பிம்பமும் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க 47 வயதுக் கண் எவ்வளவு பாடுபடும் என்பது மருந்துப் புட்டியில் உள்ள பொடி எழுத்தைக் கையை நீட்டிப் படிக்கும்போதே தெரிந்திருக்குமே.

மகள் கதை நேர்மாறு. 300 டிகிரி என்று நாம் இங்கே சொல்வது மைனஸ் 3. கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெளிவு 33 செ.மீ. வரைதான், அதற்கு அந்தப் பக்கம் மங்கல். பிம்பம் அந்த எல்லைக்குள்ளே விழுகிறது, அவள் சிரமமே இல்லாமல் பார்க்கிறாள். கண் கெட்டவளுக்குக் கிடைத்த சலுகை அது. கிட்டப்பார்வை இல்லாத குழந்தையைத் தேடிப் பிடிப்பதே கஷ்டமான ஊர் இது, ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பெட்டி செய்யும் யாரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சுலபமான வழி. இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து, அதற்கு முன்னால் லென்ஸைப் பிடியுங்கள். எதிர் அடுக்குமாடி புளோக்கின் தாழ்வார விளக்குகள் தாளில் தலைகீழாக, குட்டி குட்டியாக விழும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, விளக்கு வரிசை ஊசிமுனை மாதிரி கூர்மையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, தாளுக்கும் லென்ஸின் நடுப்பகுதிக்கும் உள்ள தூரத்தை அளங்கள். அதுதான் அந்த லென்ஸின் உண்மையான குவியத்தூரம். விற்றவர் என்ன எழுதினாலும் சரி.

சும்மா_சொல்றேன்

நாலு வெள்ளி லென்ஸ், பசை, கத்தி, மூன்று நாள் உழைப்பு, தலைவலி வேறு. இணையத்தில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு பிளாஸ்டிக்கில் ரெடிமேடாகவே கிடைக்கிறது, திருகினால் லென்ஸ் முன்னே பின்னே போகும், நெற்றிக்குப் பஞ்சு எல்லாம் வைத்திருக்கும். அதுவும் கூகலே கைகழுவிய திட்டம் அண்ணே. 2021-இல் விற்பனையை நிறுத்தினார்கள், பள்ளிக்கூடங்களுக்கென்று வைத்திருந்த எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியையும் அதே வருஷம் மூடினார்கள். செத்த குதிரைக்கு லாடம் அடிக்கிறீர்கள். சும்மா சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க.

பொங்கோல்வாசி

@சும்மா_சொல்றேன் எல்லாமே ரெடிமேடாகக் கிடைக்கிற ஊரில் ஒரு பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்கிறது, அதற்குப் போய்க் கணக்குப் பார்க்கிறீர்களே. வடையும்தான் தேக்கா சந்தையில் கிடைக்கிறது, அதற்காக வீட்டில் யாரும் சுடுவதில்லையா? அப்புறம், குதிரை சாகவில்லை. கடைச்சரக்கை நிறுத்துவதற்கு முன்பே, 2019 நவம்பரில், மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டார்கள். அந்தப் பெட்டியே இரண்டு பேர் ஓய்வு நேரத்தில் செய்ததுதான். பாரிஸில் இருந்த கூகல் பொறியாளர்கள் டேவிட் கோஸ், டேமியன் ஹென்றி. 2014 ஜூனில் கூகல் மாநாட்டுக்கு வந்தவர்கள் கையில் தட்டையாக மடித்த ஓர் அட்டையைக் கொடுத்தபோது எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! அடுத்த வருஷமே நியூயார்க் டைம்ஸ் தன் சந்தாதாரர்களுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பியது. மலிவாக இருந்ததால்தான் அது நடந்தது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். நான் என் தம்பி பிள்ளைகளுக்கு நாலு பெட்டி செய்து மூன்றைக் கெடுத்தவள், அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

ஏர் ஃபிரையர் பெட்டி அட்டை தடிமன் அதிகம். மடிக்கிற இடத்தில் உப்பிக்கொள்ளும், ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. என்று கூடிக்கூடி, காகிதத்தில் 42 என்று இருப்பது ஒட்டி முடித்தபின் 40 ஆகவோ 45 ஆகவோ நிற்கும். அதனால் வரைபடத்தை அளப்பதை விட்டுவிட்டு, ஒட்டிய பெட்டியின் உள்ளே அளக்க வேண்டும், மூன்று தடவை வரைபடத்தை அளந்து பயனில்லை. ஒன்றரை மி.மீ. தடிமனில் மெல்லிய நெளி அட்டை கிடைத்தால் நல்லது. பிட்சா பெட்டி அட்டை சரியான தடிமன்தான், ஆனால் எண்ணெய் ஊறாத மூடிப்பகுதியை மட்டும் எடுங்கள், எறும்பு வந்து நான் பட்டது போதும். எங்கள் புளோக்கில் பழைய சாமான் வாங்கும் கராங் குனி அங்கிளிடம் கேட்டால் காலணிப் பெட்டியாகப் பார்த்து எடுத்து வைப்பார். காலணிப் பெட்டி வளையும், இரட்டையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். மடிப்புக்கோட்டை முழுசாக வெட்டிவிடாமல், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டு மடித்தால் விளிம்பு நேராக நிற்கும்.

உள்பக்கம் முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள், பளபளப்பு இல்லாததாக. எல்லாரும் இதை விட்டுவிடுகிறார்கள். பழுப்பு அட்டை திரையின் வெளிச்சத்தை நாலாபக்கமும் தெறிக்கவிட்டு படத்தை வெளுக்கச் செய்யும். முகம் படுகிற ஓரத்தில் ஒரு பழைய துண்டை வெட்டி ஒட்டிவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடம் வைத்தால் வியர்வையில் அட்டை நமுத்து, முகத்தில் பழுப்புக் கோடு விழும். கைபேசியின் முதுகுக்குப் பெரிய ஓட்டை விடுங்கள், இல்லாவிட்டால் சூடேறித் திரை தானாக மங்கிவிடும். பக்கத்துப் பொத்தான்கள் அட்டையில் அழுந்துகிறதா என்றும் பாருங்கள், என் இரண்டாவது பெட்டி அடிக்கடி தானாக அணைந்துபோகும், வைரஸ் என்று நினைத்து ஒரு வாரம் வீணாக்கினேன்.

வரைபடத்தில் காந்தம் போட்டிருக்கும், அதை மறந்துவிடுங்கள். காந்தத்தை மேலும் கீழும் நகர்த்தினால் கைபேசிக்குள் இருக்கிற திசைகாட்டி உணரி அதைக் கண்டுபிடித்து ஒரு தட்டு தட்டியதாக எடுத்துக்கொள்ளும் என்பது யோசனை. எந்தக் கைபேசியில் அந்த உணரி எந்த மூலையில் இருக்கிறதோ, பாதிக்கு மேல் வேலை செய்யாது. 2015-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் கூகலே அதைத் தூக்கிவிட்டது. சமையலறை அலுமினியத் தாளை ஒரு துண்டு வெட்டி, விரல் படும் இடத்திலிருந்து திரையைத் தொடும் இடம் வரை தொடர்ச்சியாக ஒட்டினால் போதும், விரல் அங்கே தொட்டால் திரை தன்னைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும்.

தலையில் கட்டப் பட்டை வைக்காதீர்கள். மூல வடிவத்திலும் அது கிடையாது. கையால் பிடித்துக்கொண்டிருந்தால் தலையைச் சடாரென்று திருப்ப முடியாது, உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும், குமட்டல் குறையும். கை வலித்தால் பிள்ளை தானாகக் கீழே வைத்துவிடும். இதைவிட நல்ல நேரக்கட்டுப்பாடு எந்தச் செயலியிலும் இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. பெட்டியை வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்கவே கூடாது. எங்கள் சமையலறை மேற்குப் பார்த்தது. ஒருநாள் மூன்றாவது பெட்டியை லென்ஸ் வெளியே பார்த்தபடி வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஏதோ தீய்ந்த வாடை, போய்ப் பார்த்தால் உள்ளே அட்டையில் காசு அளவுக்குக் கறுப்பு வட்டம், நடுவில் புகை. கைபேசி உள்ளே இருந்திருந்தால் திரை போயிருக்கும். அட்டைக்குத் தீப்பிடித்திருந்தால் அதைப் பற்றி இங்கே எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

தெம்பனிஸ்_தகப்பன்

மூக்குக்கண்ணாடி சார், நீங்கள் என் வீட்டுக்குள் வந்து பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நானும் மகளும் ஜன்னலில் நின்றோம், மனைவி வந்து என்ன திருட்டு வேலை என்று கேட்டாள். எதிர் புளோக் தாழ்வாரம் பன்னிரண்டு மாடியும் தாளில் தலைகீழாக விழுந்தது. ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதுகூடத் தெரிந்தது, தலைகீழாக. அளந்தால் 50 மி.மீ. இரண்டு லென்ஸுக்கும் அதே. 45 என்று எழுதி 50 அனுப்பியிருக்கிறார்கள். விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன், "டோலரன்ஸ்" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

பொங்கோல்வாசி அக்கா சொன்னபடி பெட்டிக்கு உள்ளேயும் அளந்தேன், தற்செயலாக 42-ஏ இருந்தது. இப்போது கேள்வி, 50-க்கு நான் எவ்வளவு வைக்க வேண்டும்? எனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டியா?

மூக்குக்கண்ணாடி

50 லென்ஸ், 42 இடைவெளி என்றால் பிம்பம் 26 செ.மீ.யில். மகள் ஏன் சிரித்தாள், நீங்கள் ஏன் நெற்றியைத் தேய்த்தீர்கள் என்பதற்கு அதுதான் பதில். உங்களுக்கு 48 வையுங்கள், பிம்பம் ஒரு மீட்டருக்கு அப்பால், 1.2 மீட்டரில் போய் விழும். அவளுக்கு இப்போதிருக்கும் 42-ஐயே விட்டுவிடலாம். ஆறு மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் அந்த ஆறில்தான் எல்லாமே இருக்கிறது.

இரண்டு பெட்டி வேண்டாம். தீப்பெட்டி மாதிரி செய்யுங்கள். லென்ஸ் பொருத்திய பகுதி உள்கூடு, கைபேசி வைக்கிற பகுதி வெளிக்கூடு, ஒன்றுக்குள் ஒன்று நழுவட்டும். ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு "அப்பா", "நான்" என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்க்கவும் முடியும், ஆனால் கண் லென்ஸிலிருந்து தள்ளிப்போய்விடும், காட்சி குறுகி, குழாய்க்குள் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். மகளின் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தானே? ஒரு கண் 300, ஒரு கண் 450 என்றால் இந்தத் தந்திரம் பலிக்காது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று கேட்க மறந்தேன். கார்ட்போர்டு செயலி கியூஆர் குறியீடு கேட்டிருக்குமே, எதைக் காட்டினீர்கள்?

தெம்பனிஸ்_தகப்பன்

இரண்டு கண்ணும் 300 தான். கியூஆர் என்றால், நண்பன் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது, அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்ததைப் படமெடுத்து அதையே காட்டினேன். ஏதோ ஒன்று காட்டினால் உள்ளே விடுகிறதே என்று விட்டுவிட்டேன். அதில் தப்பு உண்டா?

படப்பெட்டி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், கியூஆர் பேச்சு வந்ததால் நுழைகிறேன். நண்பர் வீட்டுச் சாவியை உங்கள் பூட்டில் போட்டிருக்கிறீர்கள், கதவு திறந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

அந்தக் குறியீட்டுக்குள் பெட்டியின் அளவுகள் இருக்கின்றன. இரண்டு லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு, லென்ஸிலிருந்து திரை எவ்வளவு, லென்ஸ் படத்தை எப்படி வளைக்கும் என்பதெல்லாம். குவி லென்ஸ் வழியாகப் பார்த்தால் நேர்கோடு ஓரத்தில் வெளிப்பக்கமாக இழுபடும். அதை ஈடுகட்டச் செயலி படத்தை முன்கூட்டியே எதிர்ப்பக்கமாக, பீப்பாய் மாதிரி உப்பவைத்துக் காட்டும், இரண்டும் சேர்ந்தால் கோடு நேராகும். அளவு வேறு பெட்டியினுடையது என்றால் அந்தக் கணக்கு தவறும். கதவு நிலை, தூண் எதையாவது பாருங்கள், வளைந்திருந்தால் இதுதான் காரணம். முதல் வடிவத்தின் குறியீட்டையே காட்டுங்கள், அதில் லென்ஸ் நடுவுக்கு நடு 60 மி.மீ., இரண்டாம் வடிவத்தில் 64. உங்கள் வரைபடம் முதல் வடிவம், ஆகவே 60. உங்கள் லென்ஸ் 50 என்பதால் கொஞ்சம் பிசிறு இருக்கும், கண் பொறுத்துக்கொள்ளும்.

இரட்டையாகத் தெரிகிறது என்றீர்களே, அந்தக் காணொளி, அதற்கும் இந்த 60-க்கும் சம்பந்தம் உண்டு. 6.7 அங்குலத் திரை நீளவாக்கில் ஏறக்குறைய 155 மி.மீ. முழுத்திரையில் இரண்டு படம் போட்டால் ஒவ்வொன்றின் நடுவுக்கும் இடையே 77 மி.மீ. லென்ஸ்களுக்கு நடுவே 60 தான். இரண்டு படத்தையும் ஒட்டவைக்க உங்கள் இடக்கண் இடதுபுறமாகவும் வலக்கண் வலதுபுறமாகவும் விரிய வேண்டும். கண்ணுக்கு உள்நோக்கித் திரும்பத் தெரியும், வெளிநோக்கி விரியத் தெரியாது. ஆகவே ஒட்டாது. செயலி வழியாகப் பார்க்கும்போது அது அளவைத் தெரிந்து படத்தை நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது, இறக்கிய காணொளியில் அந்த உதவி இல்லை. படத்தின் மொத்த அகலம் 120 மி.மீ. வருகிற மாதிரி சுருக்கி, இரண்டு ஓரத்திலும் கறுப்பாக விட்டுவிடுங்கள்.

பழைய கைபேசியில் ஜைரோஸ்கோப் இருக்காது. விலை குறைந்த மாடல்களில் அதை விட்டுவிடுவது வழக்கம். பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அந்தக் கைபேசிக்குத் தெரியும், அதனால் செங்குத்தா கிடைமட்டமா என்று கண்டுபிடிக்கும். நின்ற இடத்தில் நீங்கள் இடம் வலமாகத் திரும்பினால் பூமியின் இழுப்பு மாறுவதில்லையே, அதைப் பிடிக்க ஜைரோ வேண்டும். செயலியால் இதை ஒழுங்காகச் சரிசெய்வது கடினம்.

ஆனால் அந்தக் கைபேசியைத் தூக்கிப் போடாதீர்கள், என்னைக் கேட்டால் இந்தப் பெட்டியின் நல்ல பயனே அதில்தான். செயலி வேண்டாம், இணையம் வேண்டாம், நீங்களே முப்பரிமாணப் படம் எடுத்துப் போடுங்கள். 1838-இல் வீட்ஸ்டோன் என்பவர் முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டை வைத்துக் காட்டிய வித்தை அது, 1849-இல் புரூஸ்டர் அதையே லென்ஸ் பெட்டியாக்கினார். கைபேசிக்குப் பதில் அட்டையில் ஒட்டிய இரண்டு புகைப்படம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு படம் எடுங்கள், கைபேசியைச் சாய்க்காமல் வலப்பக்கம் ஆறரை செ.மீ. நகர்த்தி இன்னொன்று எடுங்கள். முதல் படம் இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், சேர்த்து ஒரே படமாக்கி, சொன்ன 120 மி.மீ. கணக்கில் வைத்துப் பெட்டிக்குள் போடுங்கள். சாப்பாட்டு மேசை, பூச்சட்டி, தூங்குகிற பூனை எல்லாம் அப்படியே எழுந்து நிற்கும். தூரத்தில் இருப்பதற்கு ஆறரை போதாது, தட்டையாகத்தான் தெரியும். தூரத்தை 30-ஆல் வகுத்து அவ்வளவு நகர்த்துங்கள் என்பது பழைய புகைப்படக்காரர்களின் கணக்கு. மூன்று மீட்டரில் இருப்பதற்கு 10 செ.மீ.

வெப்_தம்பி

பாலிடெக்னிக் மாணவன், இரண்டு வரி மட்டும். படம் பார்த்து அலுத்தபின் மகள் தானே ஓர் உலகம் செய்ய விரும்பினால் ஏ-ஃபிரேம் என்று விஆர் காட்சி எழுதுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, மொசில்லாவில் 2015-இல் தொடங்கியது, இலவசம். ஒரு பெட்டி, ஒரு உருண்டை, ஒரு வானம் என்று பத்து வரி எழுதினால் உலாவியிலேயே திறக்கும், பெட்டிக்குள் வைத்துச் சுற்றிப் பார்க்கலாம். ஐபோன் என்றால் அசைவு உணரிக்கு அனுமதி கேட்கும், அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்று இங்கே வந்து கேட்காதீர்கள் அங்கிள்.

சும்மா_சொல்றேன்

தாளில் தாழ்வாரம் தலைகீழாக விழுந்ததைப் படித்துவிட்டு நேற்று நானும் அம்மாவின் பூதக்கண்ணாடியை எடுத்து முயற்சி செய்தேன். விழுகிறது. இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். பிளாஸ்டிக் பெட்டி பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இனி சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

தெம்பனிஸ்_தகப்பன்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். தீப்பெட்டிப் பெட்டி தயார். முதல் முயற்சியில் உள்கூடு இறுக்கமாகிவிட்டது, அட்டை ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு போகிறது. 48-இல் வைத்தால் எனக்கும் கடல் தெரிகிறது, அரைமணி நேரம் பார்த்தேன், நெற்றி வலி இல்லை. மகள் கோடு போட்டு எழுதியிருக்கிறாள், "நான்" என்று ஒன்று, "வயசானவங்க" என்று ஒன்று. கியூஆர் மாற்றியதில் வளைந்த தூண் நிமிர்ந்தது. காணொளியைச் சுருக்கியதும் இரட்டை போய்விட்டது, முதல் தடவை சேர்ந்துகொண்டபோது இரண்டு பேரும் கத்திவிட்டோம்.

படப்பெட்டி அண்ணே, அந்த முப்பரிமாணப் படம்தான் இப்போது வீட்டில் பைத்தியமாகப் பிடித்திருக்கிறது. என் மனைவி பூஜை அலமாரியை எடுத்துப் பார்த்துவிட்டு, குத்துவிளக்குக்குப் பின்னால் ஒட்டடை இருப்பதைக் கண்டுபிடித்தாள். பழைய கைபேசிக்கு நல்ல காலம். சனிக்கிழமை சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போய், எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கோபுரத்தை எடுத்தோம். இருபது மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, 30-ஆல் வகுத்து, 60 செ.மீ.க்கு மேலாகவே நகர்த்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு பொம்மையும் தனித்தனியாக முன்னால் வந்து நிற்கிறது, ஆழம் அபாரம். ஆனால் கோபுரம் கோபுரம் மாதிரி இல்லை! கொலுவில் வைக்கிற குட்டிக் கோபுரம் மாதிரி, கையால் எடுத்துவிடலாம் போல இருக்கிறது. மகள் "யாரோ பொம்மையைப் படமெடுத்திருக்காங்க" என்கிறாள். போதாததற்கு இடப்பக்கப் படத்தில் ஒரு பேருந்து இருக்கிறது, வலப்பக்கத்தில் இல்லை, அது பேய் மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கிறது. கோபுரத்தில் உட்கார்ந்திருந்த புறாவும் அப்படியே.

படப்பெட்டி

மகள் சொன்னதுதான் சரி. இரண்டு கண்ணுக்கும் நடுவே 65 செ.மீ. இருக்கிற ஒருவர் பார்த்தால் கோபுரம் எப்படித் தெரியுமோ அதை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். நம் கண் இடைவெளியைப் போலப் பத்து மடங்கு, ஆகவே கோபுரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 30 கணக்கு ஆழத்துக்காகச் சொல்வது, அளவு உணர்வுக்கு அது எதிரி. 20 செ.மீ. நகர்த்திப் பாருங்கள், ஆழம் கொஞ்சம் குறையும், கோபுரம் கொஞ்சம் வளரும். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கொலுப் பொம்மையும் பிடிக்கும்.

பேருந்துக்கு ஒரே மருந்து, இரண்டு கைபேசியையும் ஓர் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஆளுக்கொன்றாக "ஒண்ணு ரெண்டு மூணு" சொல்லி ஒரே நேரத்தில் அழுத்துவது. அட்டைதான் வீட்டில் நிறைய மிச்சம் இருக்குமே. இரண்டு கேமராவும் ஒரே மாதிரி இல்லாததால் நிறம் கொஞ்சம் வேறுபடும், பரவாயில்லை.

தெம்பனிஸ்_தகப்பன்

ஏர் ஃபிரையர் பெட்டியின் அடிப்பாகம் இன்னும் இருக்கிறது. 20 செ.மீ.க்கு ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போகலாம் என்கிறாள், அப்போது பேருந்து குறைவாம். விடுமுறையில் ஏழு மணிக்கு எழுந்திருக்கிறேன் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. புறாவுக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.